குப்பைக் கூடையில் தொடங்கும் தோட்டம்

மாடியில் தோட்டம் போட வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் அந்த வாரக் கடைசியிலேயே நர்சரிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பை, கலவை மண், விதைப் பாக்கெட், பூவாளி, தெளிப்பான் என்று ஆட்டோ நிறைய வந்து இறங்கும். சில மாதங்கள் கழித்துப் போனால், காய்ந்த பைகள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அடுக்கிக் கிடக்கும். விலை கொடுத்து வாங்கிய பொருள்களால் மட்டும் தோட்டம் நிலைப்பதில்லை. வீட்டைவிட்டு வெளியே போய்க்கொண்டிருக்கும் காய்கறித் தோலும் கழுவிய தண்ணீரும் உதிர்ந்த சருகும் மாடிக்குத் திரும்பினால்தான் நிலைக்கும். அதனால்தான் இந்தக் குறிப்புகளைக் குப்பையிலிருந்து தொடங்கி எழுதியிருக்கிறேன். சென்னையையும் அதைப் போன்ற சமவெளி ஊர்களையும் மனத்தில் வைத்து எழுதியவை இவை. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குப் பட்டமும் பயிரும் வேறு.

1. நர்சரிக்குப் போகும் முன் குப்பையைப் பிரிக்கப் பழகுங்கள். சமையலறைக் கழிவுக்கு ஒரு கூடை, காகிதம், பிளாஸ்டிக், பாட்டில் வகைகளுக்கு ஒன்று, பேட்டரி, பழைய மாத்திரை, பல்பு போன்றவற்றுக்கு ஒரு சின்ன டப்பா. இந்த மூன்று பிரிவும் 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லப்பட்டது. சமையல் கழிவு மற்ற குப்பையோடு கலந்து கிடங்குக்குப் போனால், காற்றுப் புகாத மேட்டுக்கு அடியில் அழுகி மீத்தேன் வாயுவாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் பூமியைச் சூடேற்றுவது கரியமில வாயுவைப் போல 25 மடங்குக்கும் மேல். அது எளிதில் தீப்பற்றும் வாயுவும்கூட. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தபோது சுற்றுவட்டாரமே புகையில் மூச்சுத் திணறியது. அந்த மேட்டில் நம் வீட்டு வாழைப்பழத் தோலும் இருந்திருக்கும்.

2. உரம் தயாரிக்க விலையுயர்ந்த சாதனம் எதுவும் தேவையில்லை. 20 லிட்டர் பெயின்ட் வாளிகள் இரண்டு போதும். நன்றாகக் கழுவிக் காயவைத்து, அடியிலும் பக்கவாட்டிலும் சூடான கம்பியால் துளை போட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வடியும் நீரைப் பிடிக்க அடியில் ஒரு தட்டு. வாளியின் அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குக் காய்ந்த சருகு அல்லது தேங்காய் நார். அதன்மேல் அன்றன்றைய காய்கறித் தோல். ஒவ்வொரு முறை ஈரக் கழிவு போட்டதும் அதைப்போல் இரண்டு பங்கு அளவுக்குச் சருகோ, மரத்தூளோ, கிழித்த அட்டைப்பெட்டியோ போட்டு மூடிவிடுங்கள். முதல் தடவை மட்டும் ஒரு கை புளித்த மோரும் இரண்டு பிடி தோட்ட மண்ணும் சேர்த்தால் மக்குவது சீக்கிரம் தொடங்கும்.

வாரம் ஒருமுறை குச்சியால் அடிவரை கிளறுங்கள். நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து பாருங்கள். உள்ளங்கை ஈரமாகி, விரலிடுக்கில் ஒரு சொட்டு எட்டிப்பார்த்தால் பதம் சரி. தண்ணீர் ஒழுகினால் சருகு போதவில்லை. உதிர்ந்து கொட்டினால் தண்ணீர் தெளிக்க வேண்டும். நாற்றம் வருகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் எல்லோருக்கும் பதில் ஒன்றுதான்: ஈரம் அதிகம், சருகு குறைவு. ஒரு வாளி நிரம்பியதும் மூடி வைத்துவிட்டு அடுத்ததில் தொடங்குங்கள். இரண்டாவது நிரம்புவதற்குள் முதல் வாளியில் இருப்பது கருத்து, மழை பெய்த மண் வாசனைக்கு வந்திருக்கும். அதைச் சல்லடையில் சலித்து, மக்காத கட்டிகளை அடுத்த வாளிக்குத் தள்ளுங்கள்.

3. உரவாளியில் தட்டையான, பழுப்பு நிறப் புழுக்கள் நெளிவதைப் பார்த்துவிட்டு முழுதையும் கொட்டிவிடாதீர்கள். அவை பெரும்பாலும் கறுப்பு சிப்பாய் ஈயின் புழுக்கள். வீட்டு ஈயைப்போல் இந்த ஈ நம் சாப்பாட்டில் வந்து உட்காராது. அதன் புழுக்கள் கழிவை வேகமாகத் தின்று தீர்க்கின்றன. அருவருப்பாக இருந்தால் மேலே சருகைக் கொஞ்சம் கனமாகப் போடுங்கள், போதும்.

4. வாளிக்குள் போடக்கூடாதவை: எண்ணெய் மிதக்கும் குழம்பு, மீன், இறைச்சி மிச்சம், பால் பொருள்கள், பளபளப்புத் தாள், நாய், பூனைக் கழிவு. தேயிலைத் தூளைச் சர்க்கரை போக அலசிவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் எறும்பு கூடு கட்டிவிடும்.

5. இனி மாடி. மக்கள் நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் பாரம் என்பது நம் நாட்டுக் கட்டட வடிவமைப்பு விதிகளின் கணக்கு. ஓரடி அகலம், ஓரடி உயரப் பை ஒன்றை நிரப்பித் தண்ணீரும் ஊற்றினால் 20 கிலோவை நெருங்கும். சதுர மீட்டரில் இடைவெளி இல்லாமல் ஒன்பது பைகளை நெருக்கி வைத்தால் 180 கிலோ. ஆகவே நான்கு அல்லது ஐந்துக்கு மேல் வேண்டாம். நடக்கவும் இடம் கிடைக்கும். பெரிய தொட்டிகளை நடுத்தளத்தில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ ஓடும் இடங்களுக்கு மேலாக வையுங்கள். மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் ஒரு பையைக்கூட ஏற்ற வேண்டாம். எந்த வீடானாலும் பைகள் தளத்தைத் தொடாமல் செங்கல் மேலோ இரும்புத் தாங்கி மேலோ நிற்கட்டும். அடியில் காற்றோடினால் தளம் ஈரம் காக்காது; பையிலிருந்து வேர் இறங்கித் தளத்தைத் துளைக்காது.

6. பை வாங்குவதற்கு முன் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். உடைந்த வாளி, பெயின்ட் டப்பா, ஓட்டைக் குடம், பழைய சிமென்ட் தொட்டி, தெர்மகோல் மீன்பெட்டி எல்லாவற்றிலும் செடி வளரும். மலிவான பிளாஸ்டிக் பைகள் நம் வெயிலில் இரண்டு, மூன்று கோடைக்குள் பொரிந்து தூள்தூளாக உதிர்ந்துவிடுகின்றன. அந்தத் தூள் மண்ணில்தான் கலக்கும். அதை நினைத்துத்தான் வாங்குவதானால் மண் தொட்டியோ கெட்டியான பெரிய தொட்டியோ வாங்குங்கள் என்கிறேன். எதில் வைத்தாலும் அடியில் துளை இருக்க வேண்டும்.

7. மண் கலவைக்கு எளிய கணக்கு: செம்மண் அல்லது தோட்டமண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்த முதல் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும். அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீர் தெளிந்த பிறகு கலக்குங்கள். கலந்த கையோடு விதைக்காமல், லேசாகத் தண்ணீர் தெளித்துப் பத்து நாள் நிழலில் விட்டுவிட்டால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிவிடும். பையை விளிம்புவரை நிரப்பாதீர்கள்; இரண்டு அங்குலம் விட்டால்தான் மேலே சருகு மூடாக்குப் போடவும் தண்ணீர் வழியாமல் ஊற்றவும் முடியும்.

8. மண்புழுவைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? கட்டாயமில்லை. மண்புழு ஆய்வாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் உள்ளூர் மண்புழுக்களின் அருமையைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். மழைக்காலத்தில் மரத்தடி ஈரமண்ணில் பச்சைச் சாணக் கரைசலைத் தெளித்து, ஈரச்சாக்கு போட்டு மூடி, சில நாள் கழித்துத் திறந்து பாருங்கள். அந்த ஊர் வெயிலுக்கும் மண்ணுக்கும் பழகிய புழுக்கள் மேலே வந்திருக்கும். நாலைந்தை எடுத்துத் தொட்டியில் விட்டால் தானே பெருகும்.

9. பட்டம் பார்த்து விதையுங்கள். ஆடியில் கத்திரி, தக்காளி, மிளகாய், வெண்டை, அவரை, கொடிக்காய்கள். தையில் மறுபடி ஒரு சுற்று. முள்ளங்கி, பீட்ரூட், காலிஃபிளவர், முட்டைக்கோஸ் எல்லாம் சமவெளியில் குளிர் மாதங்களுக்கு மட்டும். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்குங்கள். கத்திரி, தக்காளி, மிளகாயை நாற்று விட்டு நடவேண்டும். வெண்டை, அவரை, கொத்தவரை, முள்ளங்கியை நேரே ஊன்றிவிடலாம். சித்திரை, வைகாசியில் புதிதாக எதையும் பரிசோதிக்க வேண்டாம். இருக்கிற செடிகளை 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே காப்பாற்றினாலே பெரிய காரியம்.

10. முதல் விதைப்பு கீரையாக இருக்கட்டும். சிறுகீரை, முளைக்கீரை, அரைக்கீரை மூன்றும் ஏறக்குறைய நான்கு வாரத்தில் கைக்கு வரும். அந்தச் சீக்கிரப் பலன்தான் புதியவர்களை மாடிக்கு மறுபடி மறுபடி ஏற வைக்கும். கீரை விதை கடுகைவிடச் சிறியது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். ஒரு கரண்டி விதையோடு நாலைந்து கரண்டி காய்ந்த மணலைக் கலந்து தூவி, மேலே மெல்லிய போர்வைபோல் மண்ணைச் சலித்துப் போடுங்கள். பூவாளியில் தெளிக்க வேண்டும். குடத்தில் ஊற்றினால் விதை எல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும். எறும்பு விதையை இழுத்துப் போகிறதா? தொட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நொய்யோ ரவையோ தூவிவிடுங்கள். அதைத் தூக்கிக்கொண்டு போகும், விதை தப்பிக்கும். மூன்றாம் நாள் முளை தெரியும். வேரோடு பிடுங்காமல் கிள்ளி எடுத்தால் அரைக்கீரை பலமுறை துளிர்க்கும். பொன்னாங்கண்ணியும் பசலையும் சந்தைக் கட்டிலிருந்து முற்றிய தண்டை ஊன்றினாலே பிழைத்துக்கொள்ளும். விதைச் செலவும் இல்லை.

11. நாட்டு விதையைத் தேடுங்கள்; கிடைத்ததை அழியவிடாதீர்கள். வீரிய ஒட்டுவிதையில் வரும் காயிலிருந்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறை ஒன்றுபோல் வராது, ஒவ்வோர் ஆண்டும் கடையில்தான் நிற்க வேண்டும். நாட்டு ரகமானால் உங்கள் மாடியிலேயே விதை தொடரும். அதற்குச் சில பழைய கைமுறைகள்:

வெண்டை, அவரை, கொத்தவரையில் நல்ல செடியின் நடுக்காலத்துக் காயை முற்றிக் காயும்வரை செடியிலேயே விடுங்கள். உலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். கத்திரிக்காய் மஞ்சளாகப் பழுத்த பிறகே விதைக்கு ஆகும். தக்காளியின் கொழகொழப்போடு விதையைக் கிண்ணத்தில் பிழிந்து, ஒருநாள் இரண்டுநாள் புளிக்கவிட்டு அலசினால் மேலே இருக்கும் வழவழப்பான உறை நீங்கிவிடும். பீர்க்கு, சுரைக்காயைக் கொடியிலேயே முற்றவிட்டு, விதையை எடுக்காமல் காயோடு சமையலறை உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். அடுப்புப் புகையில் பூச்சி அண்டாது. பூசணி விதையைச் சாணத்தோடு பிசைந்து சுவரில் வறட்டியாகத் தட்டுவது இன்னொரு முறை. எரிவாயு அடுப்பு வீட்டில் புகைக்கு வழியில்லை. விதையை நிழலில் காயவைத்து, சாம்பல் புரட்டி, பெயரும் மாதமும் எழுதிய காகித உறையில் போட்டு, ஈரம் புகாத டப்பாவில் வையுங்கள். பெயர் எழுத மறக்காதீர்கள். நாட்டுக் கத்திரி விதைகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுதான்.

12. "பூசணியில் பூவாகப் பூக்கிறது, பிஞ்சு எல்லாம் வெம்பி உதிர்கிறது." மாடித்தோட்டக்காரர்களிடம் அதிகம் கேட்கும் குறை இது. உரக்குறை என்று நினைத்துப் புண்ணாக்கைக் கொட்டுகிறார்கள். பெரும்பாலும் காரணம், அந்த உயரத்துக்குத் தேனீ வருவதில்லை என்பதுதான். கையால் மகரந்தம் சேர்த்துவிட்டால் தீரும். கொடியில் முதலில் வருவது ஆண்பூ; நீண்ட காம்பு மட்டும் இருக்கும். பெண்பூவின் அடியில் கோலிக்குண்டு அளவில் குட்டிக்காய் இருக்கும். அன்று விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் பொடித் தண்டைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஒரு ஆண்பூவில் இரண்டு பெண்பூவுக்குச் செய்யலாம்.

நேரம் முக்கியம். பூசணி, பாகல், வெள்ளரி அதிகாலையில் விரியும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். சுரை, பீர்க்கு, புடலை சாயங்காலம் விரிபவை. சுரைப்பூ வெள்ளையாக இருப்பது இருட்டில் வரும் அந்துப்பூச்சிக்காக. காலை எட்டு மணிக்குப் போய் வாடிய சுரைப்பூவைத் தடவிப் பயனில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போங்கள். மூன்று நான்கு நாளில் குட்டிக்காயின் காம்பு தடித்துக் கீழ்நோக்கித் தொங்க ஆரம்பித்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

13. தேனீயே வந்துவிட்டால் இன்னும் நல்லது. ஓரத் தொட்டிகளில் துளசி, சாமந்தி, திருநீற்றுப் பச்சிலை வையுங்கள், துளசிப் பூவைக் கிள்ளாமல் கொஞ்சம் விட்டுவையுங்கள். செடி பூத்திருக்கும் நாளில் பகலில் எந்தக் கரைசலும் தெளிக்காதீர்கள்.

14. தண்ணீர் ஊற்றும் முன் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று தேவையில்லை. மாடியில் செடிகள் சாவது தண்ணீர் இல்லாமல் என்பதைவிட, ஊற்றிக்கொண்டே இருப்பதால் வேர் அழுகித்தான் அதிகம். காலையில் ஊற்றுவது உத்தமம். மூடாக்கு இல்லாமல் தொட்டி மண்ணை வெயிலுக்குக் காட்டாதீர்கள்: சருகு, கரும்புச் சக்கை, தேங்காய் நார், காய்ந்த புல் எதுவானாலும் இரண்டு அங்குலத்துக்குப் பரப்புங்கள். தண்ணீர் செலவு கண்ணுக்குத் தெரியக் குறையும், களையும் வராது, அதுவே மெல்ல மக்கி உரமாகும். தெருவில் சருகைக் கூட்டி எரிக்கிறவர்களிடம் சாக்கோடு போய் நில்லுங்கள்; சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்கள், புகையும் மிச்சம்.

15. நாலுநாள் ஊருக்குப் போகிறீர்களா? பெரிய தொட்டியின் நடுவில் சுடுமண் கலயம் ஒன்றைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவிட்டுப் போங்கள். மண் காயக் காயக் கலயம் கசியும். வண்ணம் பூசிய கலயம் உதவாது.

16. வீட்டில் எந்தத் தண்ணீர் எதற்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.
அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீர் அப்படியே செடிக்கு.
ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு கிடையாது. செடிக்கு நல்லது, நாற்றுக்கு மிக நல்லது. குடிக்க ஆகாது.
ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் தண்ணீரில் வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருக்கும். தொடர்ந்து ஊற்றினால் தொட்டி ஓரத்தில் வெள்ளைப் பூப்பு கட்டும், இலை நுனி கருகும். அதை வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.
துணி துவைத்த தண்ணீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றாதீர்கள். கீழே நிலம் இருந்தால், மணலும் கூழாங்கல்லும் போட்ட குழி வழியாக வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம்.

17. மழைநீர்க் கணக்கு ஒன்று. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். சென்னையின் ஆண்டுச் சராசரி மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 1,30,000 லிட்டர். ஆவியாகிப் போவதும் முதல் மழையில் தளம் கழுவிப் போவதும் நீங்கலாக ஒரு லட்சம் லிட்டராவது கையில் நிற்கும். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது 2003இல். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு நடு ராத்திரியில் குடங்களோடு நின்றவர்கள் வீடுகளிலும் மழைநீர்க் குழாய்கள் இருந்தன. பல இடங்களில் தொட்டிக்குள் மணல் தூர்ந்து கிடந்தது. ஆவணி முடிவதற்குள் சேகரிப்புத் தொட்டியைத் திறந்து, மேல் மணலை வாரி, கூழாங்கல்லைக் கழுவிப் போடுங்கள். தோட்டம் வைத்தவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும்: மாடியின் வடிகுழாய் வாயில் வலை கட்டுங்கள். தொட்டி மண்ணும் சருகும்தான் குழாயை அடைக்கின்றன.

18. பூச்சியைப் பார்த்ததும் தெளிப்பானை எடுக்காதீர்கள்; யார் என்று பாருங்கள். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, ஓரிரு ஆண்டுகளில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று கண்ட செடியிலெல்லாம் வெள்ளைப் பஞ்சாக அப்பிக்கொண்டது. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த பூச்சி; இங்கே அதற்கு அப்போது எதிரி இல்லை. மருந்தடித்தும் அதன் மெழுகுப் பூச்சுக்குள் இறங்கவில்லை. 2010இல் அதன் இயற்கை எதிரியான, கண்ணுக்குத் தெரிவதே அரிதான ஒட்டுண்ணிக் குளவிகளைப் போர்ட்டோரிக்கோவிலிருந்து வரவழைத்தார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டது. அடுத்த சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. பூச்சிமருந்து அடித்துக்கொண்டே இருந்த தோட்டத்தில் அந்தக் குளவி பிழைத்திருக்காது.

உங்கள் மாடியிலும் இதே கதைதான். அசுவினி அப்பிய அவரைக் கொழுந்தின் பக்கத்தில், முதலைக்குட்டி போன்ற கறுப்பு உடலில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு ஒன்று ஊர்ந்தால் நசுக்கிவிடாதீர்கள். அது பொறிவண்டின் புழு, அசுவினியைத் தின்னத்தான் வந்திருக்கிறது. ஒரு வாரம் பொறுத்தால் கொழுந்து சுத்தமாகிவிடலாம்.

19. பொறுத்தும் அடங்காவிட்டால் படிப்படியாகப் போங்கள். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். அசுவினிக்குப் பாதி நேரம் இதுவே போதும். மாவுப்பூச்சியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிடுங்கள். அதற்கும் மேல் என்றால் வேப்பெண்ணெய்: 5 மில்லி எண்ணெயில் சில சொட்டு காதி சோப்புக் கரைசலை முதலில் குழைத்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். தண்ணீரில் எண்ணெயை ஊற்றினால் கலக்காது, மிதக்கும் எண்ணெய் இலையைச் சுட்டுவிடும். சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்க வேண்டும்.

20. இயற்கையானது என்பதற்காக எல்லாம் ஆபத்தில்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். புகையிலைக் கஷாயம் கடும் நஞ்சு. தக்காளி, மிளகாய்க்கு நச்சுயிரி நோயையும் கொண்டுவரக்கூடும். ஊமத்தை, எருக்கு சேர்ந்த இலைக் கரைசல்களை வயல்காரர்கள் செய்யலாம். குழந்தைகள் ஓடியாடும் மாடியில் வேண்டாம். நொச்சியும் வேம்பும் இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாயும் நம் அளவுக்குப் போதும். எதைத் தெளித்தாலும் இரண்டு மூன்று நாள் கழித்து, கழுவித்தான் சமைக்க வேண்டும்.

21. வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி. மருந்து கிடையாது. அந்தச் செடியை இரக்கம் பார்க்காமல் பிடுங்கிவிடுங்கள். தக்காளியின் அடிப்பக்கம் கருத்து அழுகுவதற்கு முட்டைஓட்டைக் கொட்டச் சொல்வார்கள். முட்டைஓடு மண்ணில் கரையப் பல மாதம் ஆகும். அந்த அழுகலுக்குப் பெரும்பாலும் காரணம் ஒருநாள் காயவிட்டு ஒருநாள் வெள்ளமாக ஊற்றுவது. தண்ணீரை ஒழுங்குபடுத்தினால் அடுத்த காய்கள் நன்றாக வரும்.

22. ஊட்டக் கரைசல்களைத் தண்ணீரில் கலக்கும் அளவு: பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி, மீன் அமிலம் லிட்டருக்கு 5 மில்லி. கூட ஊற்றினால் கூட விளையாது. மீன் கழிவும் வெல்லமும் சம எடை சேர்த்து மூடிவைத்து மூன்று வாரம் நொதிக்கவிடுவது மீன் அமிலம். அடுக்குமாடியில் திறக்கும்போது அக்கம்பக்கத்தாரை நினைத்துக்கொள்ளுங்கள், பூனையையும்.

23. தொட்டித் தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறையாவது கொட்டிக் கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழிலிருந்து பத்து நாள்தான். முட்டை தட்டின் சுவரில் ஒட்டியிருக்கும், கொட்டினால் மட்டும் போகாது.

24. எலுமிச்சை, சாத்துக்குடித் தோலை உரவாளியில் அதிகம் போட வேண்டாம்; வீடு துடைக்கும் நீராக்கலாம். வெல்லம் 1 பங்கு, தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு, எல்லாம் எடைக் கணக்கு. பிளாஸ்டிக் குப்பியில் கால்பாகம் காலியாக விட்டு மூன்று மாதம் வையுங்கள். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விடவேண்டும், கண்ணாடிப் பாட்டில் வெடித்துவிடும். வடிகட்டிய நீரில் இரண்டு கரண்டியை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து தரை துடைக்கலாம். இதைப் பிளீச்சிங் பவுடரோடு எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளியும் வெள்ளிக்கொலுசுக்குப் பூந்திக்கொட்டை நீரும் இப்போதும் ஈடு இணையில்லாதவை.

25. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை 2019 ஜனவரி 1 முதல் இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. பை வீட்டில் தொங்கினால் உதவாது. வண்டிப் பெட்டியில் ஒன்று, கைப்பையில் ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். இறைச்சி, மீன், மாவு வாங்க மூடியுள்ள தூக்கு.

26. காய்ப்பு முடிந்த செடியை வேரோடு பிடுங்காதீர்கள். நோயில்லாத செடியானால் தண்டை மண்மட்டத்தில் அறுத்து, துண்டாக்கி உரவாளியில் போடுங்கள். வேர் உள்ளேயே மக்கி மண்ணைப் பொலபொலப்பாக்கும். அந்தத் தொட்டியில் உடனே அதே குடும்பத்துச் செடியை வைக்க வேண்டாம். கத்திரிக்குப் பின் தக்காளி, மிளகாய் கூடாது. மூன்றும் ஒரே குடும்பம், நோயும் ஒன்றுதான். இடையில் ஒரு சுற்றுத் தட்டைப்பயறு, உளுந்து, எள், கம்பு, வெந்தயம் என்று சமையலறை டப்பாக்களின் அடியில் மிஞ்சியதைக் கலந்து தூவுங்கள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் வழி வந்த விவசாயிகள் பலதானிய விதைப்பு என்று வயலில் செய்வதைத் தொட்டியிலும் செய்யலாம். பூ எடுக்கும் தருணத்தில் அறுத்து மண்ணோடு மடக்கி, இரண்டு பிடி உரம் போட்டு, ஈரம் காத்து, மூன்று வாரம் விட்டுவிடுங்கள். பிறகு அடுத்த பட்டத்துக்கு நாற்று நடலாம்.